ஒற்றைக்கண் பிளாப்பியும் ஒரு விசைப்படகும்

பழைய பிளாப்பியைப் படிக்கப் பழைய கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒரே குரலில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம் சமூகம் ஒரு கருத்தில் இந்த அளவுக்கு ஒன்றுபடுவது அபூர்வம் என்பதால், இதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் உண்மை என்று ஒன்று இருக்கிறது. கனத்த இதயத்தோடு அறிவிக்கிறேன்: அது தவறு. போன மாதம் வந்த லினக்ஸைப் போட்டாலும் பிளாப்பி ஓடும். ஓடும் என்றால், கெஞ்சினால் ஓடும்.

அப்படிக் கெஞ்சுவதுதான் என் தொழில். ராயபுரத்தில் சுலைமான் பாயின் ஜெராக்ஸ் கடையில், பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து எண்ணூர் வரைக்கும், பிளாப்பியைத் தவிர வேறெதையும் வாயில் வாங்க மறுக்கும் மெஷின்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. எம்பிராய்டரி மெஷின், சிஎன்சி லேத், சர்ச்சில் வாசிக்கும் கீபோர்டு. அவற்றின் பிளாப்பி நோயில் விழுந்தால் என்னிடம் வரும். நீங்களும் ஒருகாலத்தில், மின்சார ரயிலில் ஏறினால் பிளாப்பி அழிந்துவிடும் என்று பயந்து, அதை டிபன் பாக்ஸுக்குள் வைத்து பஸ்ஸில் சுற்றிப் போனவர்தான். உங்களுக்கு என் துயரத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கீழே வருபவை, முடிவைத் தவிர, எல்லாம் ஒரே வாரத்தில் நடந்தவை. மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி வாரம்.

டப்பாவில் வந்த புத்தி

செவ்வாய்க்கிழமை காலையில் ஜெபராஜ் அண்ணாச்சி வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், விம்கோ நகரில் லேத் பட்டறை. அங்கே ஒரு பழைய சிஎன்சி லேத் இருக்கிறது. புரோகிராமைக் கொடுத்துவிட்டால் இரும்பைத் தானே அளவு பார்த்துக் கடைந்துகொள்ளும். தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் போய் நாலு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்ததில், அதன் நினைவைக் காக்கும் பாட்டரி கண்ணை மூடிவிட்டது. மெஷின் மூன்று வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த எல்லாவற்றையும் மறந்துவிட்டது. மறந்தவற்றுள் ஒன்று, காசிமேடு கஸ்தூரி அக்காவின் விசைப்படகுக்குப் புரபெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் கடைகிற புரோகிராம். அதற்கு ஒரே ஒரு பிரதி இந்தப் பிளாப்பியில். பிளாப்பியை மெஷினில் போட்டால் மெஷின் படிக்க மாட்டேன் என்கிறது.

வேறு லேத்தில் கடையலாமே என்பீர்கள். தடைக்காலத்தில்தான் எல்லாப் படகும் ரிப்பேருக்குக் கரையேறும். அதன் கடைசி வாரத்தில் சும்மா இருக்கும் லேத்தைத் தேடுவதும் ஆடி மாதத்தில் கூட்டமில்லாத அம்மன் கோயிலைத் தேடுவதும் ஒன்று. அளவெடுத்துப் புதிதாகப் புரோகிராம் எழுதலாமே என்பீர்கள். பழைய ஷாஃப்ட் ஒடிந்து, அளவெடுக்க வேண்டிய பாதி வங்காள விரிகுடாவில் இருக்கிறது. புரோகிராம்தான் கையில் இருக்கிறதே, ஒரு நாள் வேலைதானே என்று அண்ணாச்சி இதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார். தடை திங்கட்கிழமை முடிகிறது. கைக்குட்டையில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த பிளாப்பியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, மிஷினு பச்சப்புள்ள கணக்கா முழிச்சிக்கிட்டு நிக்கி. அதோட புத்தி பூரா இந்த டப்பாவுலதான் இருக்கு. சிந்தாம எடுத்துக் குடுங்க."

ஒரு பேருரை

மதியம் கஸ்தூரி அக்காவே வந்துவிட்டார். கூடையை வெளியே வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விஷயத்தை இரண்டு வரியில் சொன்னார். திங்கட்கிழமை எல்லாப் படகும் கிளம்பும். இவர் படகு மட்டும் கரையில் நின்றால், அதிலிருக்கும் எட்டு ஆட்களும் வேறு படகில் ஏறிவிடுவார்கள். ஒருமுறை ஏறியவர்கள் அந்த வருஷம் இறங்க மாட்டார்கள். ஆள் இல்லாத படகு மரத்துண்டு.

நான் பிளாப்பியைத் திருப்பிப் பார்த்தேன். கருப்பு பிளாஸ்டிக், பட்டறைக் கிரீஸ் ஏறி மேலும் கருப்பு. லேபிளில் சிவப்பு மையில் 'கஸ்தூரி ஷாஃப்ட், தொடாதே'. ஒரு மூலையில் அண்ணாச்சி ஒட்டிய மாதா ஸ்டிக்கர். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு ஒரு விஷயம் புரிந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கஷ்டம்தான். ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினேன். பிளாப்பியின் இந்த மூலையில் உள்ள துளை, பூட்டு மாதிரி. திறந்திருந்தால் உள்ளே யாரும் எதையும் மாற்றி எழுத முடியாது. எதிர் மூலையில் இன்னொரு துளை இருந்தால் அது முழுக் கொள்ளளவுப் பிளாப்பி. இல்லாவிட்டால் அரைக் கொள்ளளவு. எப்படிப் படிப்பது என்று டிரைவ் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. இதிலோ எதிர் மூலையில் துளையே இல்லை. ஆகவே இது அரைக் கொள்ளளவு வகை, இப்போது கிடைக்காத வகை, அபூர்வ வகை. இருபது நிமிஷம் பேசினேன். பிறகு யூஎஸ்பி பிளாப்பி டிரைவில் போட்டு, அரைக் கொள்ளளவு என்று லினக்ஸுக்கும் எடுத்துச் சொன்னேன். படிக்க முடியவில்லை என்று அது ஒரே வரியில் பதில் சொன்னது.

அக்கா படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ சொல்றது அல்லாம் கரீட்டா கீது நைனா. அது தான் படிக்க மாட்டேங்குது."

கதவைத் தட்டும் கலை

குற்றம் யூஎஸ்பி டிரைவில் என்று தீர்மானித்தேன். என் தொழிலில் முதலில் டிரைவைச் சந்தேகிக்க வேண்டும், பிறகு கேபிளை, பிறகு லினக்ஸை. தன்னைச் சந்தேகிப்பது பட்டியலில் இல்லை. யூஎஸ்பி டிரைவ் என்பது பிளாப்பி வேஷம் கட்டிய பென்டிரைவ். லினக்ஸ்கூட அதைப் பிளாப்பி என்று மதிப்பதில்லை. மற்ற வட்டுகளோடு வரிசையில் நிறுத்தி, அடுத்த எழுத்தைப் பெயராக வைத்துவிடும். அசல் பிளாப்பி டிரைவ் என்றால் மதர்போர்டில் அதற்கென்றே பட்டைக் கேபிள் செருகும் இடம் வேண்டும். அப்படி ஒரு போர்டு என்னிடம் பரண்மேல் இருக்கிறது. புதன்கிழமை காலையில் அதை இறக்கி, தூசி தட்டி, புது லினக்ஸைப் போட்டேன்.

அங்கேயும் சில சம்பிரதாயங்கள் உண்டு. பிளாப்பி என்று ஒரு சாதனம் உலகத்தில் இருப்பதை லினக்ஸுக்கு ஒரு கமாண்டு அடித்து ஞாபகப்படுத்த வேண்டும். ஞாபகம் வந்த பிறகும், டிரைவுக்குள் வட்டு இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தானாகத் தெரியாது. படி என்று சொல்லிப் பார்க்க வேண்டும். கடகடவென்று சத்தம் போட்டுத் தேடிவிட்டு, இருந்தால் இருக்கிறது என்னும், இல்லாவிட்டால் இல்லை என்னும். இதை நான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது சுலைமான் பாய் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார். மற்றவர்களின் ஆதார் கார்டைக் காப்பி எடுத்துக்கொண்டே என் வாழ்க்கையை விமரிசனம் செய்வது அவர் வழக்கம்.

"உள்ள ஆள் கீறானான்னு கதவ தட்டிதான் பாக்கணும்ன்றீங்கோ. அதுக்கு கை போதாதா தம்பி? கம்ப்யூட்டர் இன்னாத்துக்கு?"

பச்சை விளக்கு

போர்டோடு பரணிலிருந்து இறக்கிய அசல் டிரைவின் முகப்பில் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. வட்டைப் படிக்கும்போது மட்டும் எரியும். கரண்டைக் கொடுத்ததும் அது பளிச்சென்று எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. அன்றும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி அக்கா எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார். சுலைமான் பாயிடம் டீ வாங்கி வரச் சொல்லிக் காசும் எடுத்துவிட்டார்.

உண்மையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. விளக்கு விட்டுவிட்டு எரிந்தால்தான் வேலை நடக்கிறது. அணையாமல் எரிந்தால் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறது என்று பொருள். இதை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் வாழ்நாளில் ஒருமுறை செய்வார்கள். நான் வாரத்துக்கு ஒருமுறை செய்கிறேன். கேபிளைத் திருப்பிச் செருகினேன். விளக்கு அணைந்தது. படி என்றேன்; இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு, முடியவில்லை என்று மறுபடியும் அதே வரியைச் சொல்லி அணைந்துவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல், இதுதான் முறையான தோல்வி, முதலில் நடந்தது முறையற்ற வெற்றி என்று விளக்கம் கொடுத்தேன்.

"எரிஞ்சிகினு இருந்தத அணைச்சிட்டு, இப்போ தான் சரியா கீதுன்ற. கடல்ல ஒன்ன மாதிரி ஒருத்தன் இருந்தா கரைக்கு வந்தா மாதிரி தான்."

பாதுகாப்பு நடவடிக்கை

வியாழக்கிழமை வந்தவர் வேறு ஆள். சர்ச் பாடகர் குழுவில் இருப்பவர், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். பழைய பாட்டுப் புத்தகத்தை டைப் அடித்து வைத்த பிளாப்பி என்றார். பெரிய சைஸ், உண்மையாகவே வளைகிற வகை. பையிலிருந்து எடுத்தபோது அது கண்ணாடி மாதிரி மின்னியது. ஓரம் எல்லாம் ஒழுங்காக வெட்டி, மூலைகளை வளைவாக்கி, லேமினேஷன் செய்யப்பட்டிருந்தது.

நான் அதை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். உள்ளே வட்டு சுழல வேண்டும். அது இப்போது ரேஷன் கார்டைப் போல அசையாமல், சூடுபட்டு, அலையடித்து, நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட்டிருந்தது. தூசி, ஈரம், காந்தம் மூன்றும் பிளாப்பியின் எதிரிகள் என்று கையேடுகள் எழுதுகின்றன. எழுதியவர்கள் வடசென்னைக்கு வந்ததில்லை. இங்கே பிளாப்பி பெரும்பாலும் மரியாதையில்தான் சாகிறது. ஏன் ஐயா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கெடாமல் இருக்கத்தான் என்றார். எங்கே செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். சுலைமான் பாய் வந்து, வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தினி வருசம் ஆச்சி. ஒரு எடத்துல கூட காத்து பூரல பாருங்கோ."

உலகத்தின் அறிவுரை

வெள்ளிக்கிழமைக்குள் நான் கொருக்குப்பேட்டை காயலான் கடையிலிருந்து இன்னொரு டிரைவ் வாங்கி, அதிலும் தோற்றிருந்தேன். வேறு வழியில்லாமல் லினக்ஸ்காரர்கள் கூடும் ஓர் இணைய மன்றத்தில் என் கதையை எழுதினேன். அரைக் கொள்ளளவுப் பிளாப்பி, மூன்று டிரைவ், எதிலும் படிக்கவில்லை. நாலு பேர் பதில் போட்டார்கள். முதலாமவர், பிளாப்பியைத் தூக்கிப் போடச் சொன்னார். இரண்டாமவர், நான் வேறு லினக்ஸ் போட்டிருக்க வேண்டும் என்றார். மூன்றாமவர் இரண்டாமவரின் லினக்ஸைப் பற்றித் தன் கருத்தைச் சொன்னார். அதன் பிறகு அவர்கள் இருவரும் என்னை மறந்துவிட்டு முப்பது பதில்கள் எழுதிக்கொண்டார்கள். நாலாமவர் மட்டும், அது அரைக் கொள்ளளவுதான் என்று நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டிருந்தார். துளை விஷயத்தை அவருக்கு நாலு பத்தியில் விளக்கி எழுதினேன், கொஞ்சம் கடுமையாகவே.

எல்லாவற்றையும் சுலைமான் பாய்க்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"எங்க தெரு அசோசியேஷன் மீட்டிங்கே தான். டீ மட்டும் இல்ல."

மூலைத் துளை

சனிக்கிழமை காலை. கஸ்தூரி அக்கா ஸ்டூலில் இருந்தார். இப்போதெல்லாம் என்னை விட்டுவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அதுதான் பயமாக இருந்தது. ஷாஃப்ட் கடைய ஒரு நாள், படகில் பூட்ட ஒரு நாள். அதாவது அன்றைக்குள் பிளாப்பி வாயைத் திறந்தால் உண்டு. அண்ணாச்சி, நிலவரம் பார்த்துவரத் தன் ஆபரேட்டர் டில்லியை அனுப்பியிருந்தார். நாற்பது வயது, கத்தி மீசை. பட்டறையில் மெஷினும் பூஜையும் அவர் பொறுப்பு. நாலு நாள் எரிச்சலை இறக்கிவைக்க எனக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. பிளாப்பியை இப்படியா வைத்திருப்பது, இவ்வளவு கிரீஸ் அப்பினால் எப்படிப் படிக்கும் என்று ஆரம்பித்தேன். டில்லிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னா சார் அப்டி சொல்லிட்ட. சாமி மாதிரி வெச்சிகினு கீறோம். ஆயுத பூஜ அன்னிக்கு மொதோ பொட்டே அதுக்கு தான். லேபில் மேல வெச்சா எழுத்து அழிஞ்சிடும்னு மொதலாளி சொன்னாரு. நவுர்ற தகடு மேல வெச்சா உள்ள பூடும். அதான், மூலைல அழகா ஒரு ஓட்ட கீதுல்ல, அத்தோட உள்ள வெப்பேன். மூணு வருசமா ஒரு சொட்டு வெளிய வந்தது இல்ல."

சுலைமான் பாய் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினார். கஸ்தூரி அக்கா கொண்டையிலிருந்து ஊசியை உருவி, என் கையிலிருந்த பிளாப்பியை வாங்கி, துளை இல்லை என்று நான் நாலு நாளாகச் சாதித்த மூலையில் குத்தினார். மேலே கிரீஸ் பெயர்ந்தது. அடியில் குங்குமம், அதனடியில் சந்தனம், மறுபடி குங்குமம், மறுபடி சந்தனம். கீழடியில்கூட அடுக்குகள் இவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. கடைசியாக ஒரு மஞ்சள் வில்லை டக்கென்று மேஜையில் விழுந்தது. துளை வழியாக எனக்கு அக்காவின் ஒரு கண் தெரிந்தது. நான் மெதுவாக மாதா ஸ்டிக்கரின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். முழுக் கொள்ளளவு என்பதற்கான HD என்னும் இரண்டு எழுத்துகள் அதனடியில் பத்திரமாக இருந்தன. அண்ணாச்சியின் மதமும் டில்லியின் மதமும் ஒற்றுமையாக நின்று என்னைத் தோற்கடித்திருந்தன. அக்கா ஊசியைத் துடைத்துக் கொண்டையில் செருகிக்கொண்டார்.

"தூங்கிகினு கீறவன செத்துட்டான்னு சொல்லி நாலு நாளா ஒப்பாரி வெச்சிகீற நைனா."

டில்லி எழுப்பிய கேள்வி

பிளாப்பியை டிரைவில் தள்ளினேன். லினக்ஸிடம் இந்த முறை எதையும் எடுத்துச் சொல்லவில்லை. நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன். பச்சை விளக்கு சிமிட்டியது, நின்றது, சிமிட்டியது. கடக், கடக் என்று எண்பது தடங்களையும் ஒவ்வொன்றாகத் தாண்டியது. ஒவ்வொரு கடக்குக்கும் கஸ்தூரி அக்காவின் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷமும் கொஞ்சமும் ஆனது. ஓர் எழுத்துகூடச் சிந்தாமல் எல்லாம் வந்துவிட்டது. நான் எழுந்து நின்று, என்ன செய்வது என்று தெரியாமல், சுலைமான் பாய்க்குக் கை கொடுத்தேன். அவரும் ஏனென்று கேட்காமல் குலுக்கினார். டில்லி ஸ்டூலைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

இரண்டு புதுப் பிளாப்பிகளில் பிரதி எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது, இரண்டு மூலையிலும் துளை இருப்பதை அண்ணாச்சிக்குப் பதிலாக டில்லிக்குக் காட்டி, இங்கே பொட்டு கூடாது, எங்கேயுமே கூடாது, பூஜையன்று பிஸ்கட் டப்பாமேல் வையுங்கள் என்று கட்டளையிட்டேன். டில்லி டப்பாவைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"டப்பாக்கு வெச்சா டப்பாக்கு தான சார் சேரும். உள்ள கீறதுக்கு எப்டி போவும்?"

நன்றி நவிலல்

ஷாஃப்ட் சனிக்கிழமை சாயங்காலமே தயாராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூட்டினார்கள். திங்கட்கிழமை கஸ்தூரி அக்காவின் படகு எட்டு ஆட்களோடு மற்றப் படகுகளுக்கு நடுவே போயிற்று என்று அண்ணாச்சி போனில் சொன்னார். இணைய மன்றத்து நாலாமவருக்கு, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். அவர் பதில் எழுதவில்லை. மற்ற இருவரும் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் அக்கா கடைக்கு வந்தார். ஒரு கையில் பை நிறைய சங்கரா மீன். இன்னொரு கையில் சின்னக் கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும். மீன் எனக்கு. சந்தனம் டிரைவுக்கு. நான் பதறி எழுந்தேன். அக்கா கையமர்த்தினார். நான் படம் போட்டு நடத்திய பாடம் எதுவும் வீண்போகவில்லை. வட்டு போகும் பிளவு கூடாது, பொத்தான் கூடாது, திருகாணிக் குழி கூடாது என்று ஒவ்வொன்றையும் விரலால் காட்டி விலக்கினார். மிச்சமிருந்த ஒரே இடத்தில், அந்தச் சின்னப் பச்சை விளக்கின் நட்டநடுவில், ஆள்காட்டி விரலால் சந்தனத்தை அழுத்தி, மேலே குங்குமம் வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"இது ஓட்ட இல்ல நைனா, வெளக்கு. வெளக்குக்கு வெக்காம வேற எதுக்கு வெப்பாங்கோ?"

அன்றிலிருந்து டிரைவ் ஓடுகிறதா இல்லையா என்பதை அதன்மேல் காதை வைத்துக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.